ஒரே தளத்தில்

2023 அக்டோபர் 2 அன்று ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஆண்கள் 3000 மீட்டர் ரோலர் ஸ்கேட்டிங் தொடர் பந்தயம் நடந்தது. கடைசிச் சுற்றில் தென்கொரியாவின் ஜங் சொல்வொன் முதலில் வந்துகொண்டிருந்தார். முடிவுக்கோட்டைத் தொடுவதற்குச் சற்று முன்னால் உடலை நிமிர்த்தி இரு கைகளையும் உயர்த்தினார். அவருக்குப் பின்னால் வந்த தைவானின் ஹுவாங் யூலின் குனிந்த உடலை நிமிர்த்தவே இல்லை. காலை மட்டும் முன்னே நீட்டினார். விநாடியில் நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில் தங்கம் தைவானுக்குப் போயிற்று. ஆசிய விளையாட்டில் தங்கம் வெல்லும் கொரிய வீரர்களுக்குக் கட்டாய ராணுவச் சேவையிலிருந்து விலக்கு உண்டு. அதுவும் கைநழுவிப் போயிற்று.

அந்தப் பந்தயத்தில் மூன்றாவதாக வந்தது இந்தியா. வெண்கலம் வென்ற அணியில் சென்னைக்காரர் ஆனந்த்குமார் வேல்குமார் இருந்தார். 2025 செப்டம்பரில் சீனாவின் பெய்தைஹே நகரில் அவர் 1000 மீட்டரில் உலகப் பட்டம் வென்றார். ஸ்பீடு ஸ்கேட்டிங்கில் உலகப் பட்டம் வென்ற முதல் இந்தியர் அவர்தான்.

ஜங் கைகளை உயர்த்திய காட்சி உலகம் முழுக்கப் பரவியது. பார்த்தவர்கள் அதைக் கர்வம் என்றார்கள். சக்கரங்களின் மேல் நின்று பழகிய என் கண்ணுக்கு அது கர்வமாகத் தெரியவில்லை. பதற்றத்தைத் தாங்கித் தாங்கிக் களைத்த உடல், அது முடிந்துவிட வேண்டும் என்று கெஞ்சும். கோடு வரும்வரை அதற்குப் பொறுமை இருக்காது. மனம் அங்கே போய்ச் சேர்ந்துவிடும். கால் இன்னும் வந்திருக்காது. போட்டியில் நம் மனம் காலடியை விட்டுத் தப்பிக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று முன்னே, முடிவை நோக்கி. அதைப் பதற்றம் என்கிறோம். மற்றொன்று பக்கவாட்டில், அடுத்தவரை நோக்கி. அதைப் போட்டி மனப்பான்மை என்கிறோம். வெளியிலிருந்து பார்க்க இரண்டும் வேறு வேறு நோய்களாகத் தெரியும். எனக்குத் தெரிந்தவரை இரண்டும் ஒன்றுதான்: நின்றுகொண்டிருக்கும் இடத்தில் நிற்க மாட்டாமை.

*

கொச்சியின் மட்டாஞ்சேரியில் வசிக்கிறேன். பஜார் ரோட்டின் இருபுறமும் மிளகும் சுக்கும் ஏலமும் அடுக்கிவைத்த பழைய கிடங்குகள். வியாபாரம் மெலிந்த பிறகு சில பூட்டிக் கிடக்கின்றன. சில, 2012இல் தொடங்கிய கொச்சி பினாலேக்காக ஓவியக்கூடங்களாக மாறின. அப்படி ஒரு நீண்ட சிமென்ட் தரையில்தான் எங்கள் பயிற்சி. மழைக்காலத்தில் தரை வியர்க்கும். கடல்காற்றில் பேரிங் துருப்பிடிக்கும். சுவரோரம் இன்னும் சுக்கின் வாசம் இருக்கும். தரையில் சாக்கட்டியால் வட்டங்கள் வரைந்து, அந்தக் கோட்டின் மேல் ஒற்றைக் காலில் சுற்றிவருவோம்.

பனியில் ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங்கின் பெயரே இந்த வட்டங்களிலிருந்து வந்ததுதான். அங்கே 1990க்குப் பிறகு சர்வதேசப் போட்டிகளிலிருந்து வட்டங்களை நீக்கிவிட்டார்கள். சக்கரத்தில் ஆடும் ஆர்டிஸ்டிக் ஸ்கேட்டிங்கில் அவை இன்றும் தனிப் பிரிவாக இருக்கின்றன. தாவலும் சுழற்சியும் இசையும் அதற்கு அப்புறம். கேரளத்தில் பனிக்கு வழியில்லை. இடப்பள்ளி மாலில் பார்த்தது ஒரு சிறிய தளம், அது பொழுதுபோக்குக்கானது. ஒலிம்பிக் அளவில் கூரை போட்ட பனித்தளம் வேண்டுமென்றால் டேராடூன் போக வேண்டும். 2011இல் கட்டப்பட்ட அதுவும் பல வருடங்கள் மூடிக் கிடந்தது. ஆகவே எங்களுக்குச் சக்கரம்தான். நம் நாட்டுக்கும் பெரும்பாலும் அதுவே. 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் ஐதராபாத்தின் அனூப் குமார் யாமா ஆண்கள் தனிப்பிரிவில் ஒரு வெண்கலமும், அவனி பஞ்சாலுடன் ஜோடிப் பிரிவில் இன்னொரு வெண்கலமும் வென்றது இந்தச் சக்கரங்களில்தான்.

மாலையில் தளம் குழந்தைகளுக்கானது. பெற்றோர் ஓரத்தில் நிற்பார்கள். கேரளத்தில் விளையாட்டுக்குக் கிரேஸ் மார்க் உண்டு. அந்த மதிப்பெண்ணுக்காக வருகிறவர்கள் நிறைய. அதில் தவறும் இல்லை. பிளஸ் டூ முடிந்ததும் ஷூக்கள் பரணுக்குப் போய்விடும். குழந்தைகள் கிளம்பிய பிறகு தளம் பெரியவர்களுக்குக் கிடைக்கும். வங்கியிலும் மருத்துவமனையிலும் கடையிலும் வேலை முடித்து வருகிற சிலர். இவர்களில் யாருக்கும் கிரேஸ் மார்க் இல்லை, இடஒதுக்கீடு இல்லை, வேலை இல்லை, ராணுவ விலக்கும் இல்லை. ஜெயித்தால் ஒரு கோப்பை கிடைக்கும். அதுவும் வீட்டு அலமாரியில் இடம் இருந்தால்தான் நிற்கும்.

அப்படியிருந்தும் போட்டி நாளில் இவர்களுடைய கைதான் குழந்தைகளின் கையைவிட அதிகம் நடுங்குகிறது. நாற்பது வயதில், இழப்பதற்கு ஒன்றும் இல்லாத இடத்தில், ஏன் இந்த உதறல்? நெடுநாள் இதை யோசித்திருக்கிறேன். குழந்தைக்குப் பயப்பட வெளிக் காரணங்கள் இருக்கின்றன: அப்பா திட்டுவார், மதிப்பெண் போய்விடும். அந்தக் காரணங்கள் பயத்தின் பாதியைத் தம் தோளில் ஏற்றிக்கொள்கின்றன. பெரியவருக்கு அப்படி எதுவும் இல்லை. காரணமெல்லாம் கழன்று விழுந்த பிறகு மிஞ்சுவது தான் மட்டும். வேலையிலும் குடும்பத்திலும் அத்தனை வருடங்களாகத் தேர்ந்தவராகவே பார்க்கப்பட்ட ஒருவர், தேராதவராக நாலு பேர் முன்னால் நிற்க வேண்டும். அந்த நடுக்கம் தோல்வியைப் பற்றியதல்ல, பார்க்கப்படுவதைப் பற்றியது. அதனால்தான் அது அவ்வளவு கூர்மையாக இருக்கிறது.

*

பதற்றம் உடலில் செய்கிற வேலை எல்லோருக்கும் ஒன்றுதான். அட்ரினலின் ஏறும், இதயம் வேகமெடுக்கும், ரத்தம் பெரிய தசைகளை நோக்கிப் போகும், விரல்நுனி சில்லிடும், மூச்சு வயிற்றை விட்டு மார்புக்கு ஏறிவிடும். ஓட வேண்டியவருக்கும் எடை தூக்க வேண்டியவருக்கும் இதில் உதவியும் உண்டு. ஸ்கேட்டருக்கு முதலில் இறுகுவது முழங்கால். வட்டத்தின் மேல் நிற்பது என்பது சக்கரத்தின் உள்விளிம்பிலோ வெளிவிளிம்பிலோ உடலைச் சாய்த்து நிறுத்துவது. மடங்கி இளகிய முழங்கால் இருந்தால்தான் அந்தச் சாய்வு நிற்கும். முழங்கால் இறுகினால் சாய்வு போய்விடும்; வட்டம் கோணும். தாவலிலும் அதுவே நடக்கும்: கால் முழுதாக மடங்குவதற்குள் உடல் அவசரப்பட்டுக் கிளம்பும். அங்கேயும் மனம் முடிவுக்கு முந்தி ஓடியிருக்கிறது.

இதைப் பற்றி உளவியலில் ஒரு பழைய முடிவு உண்டு. 1965இல் ராபர்ட் சயோன்ஸ் எழுதிய கட்டுரை ஒன்று, பிறர் பார்க்கும்போது மனிதருக்கு என்ன ஆகிறது என்று ஆராய்ந்தது. நன்றாகப் பழகிய வேலையைப் பார்வையாளர் முன்னால் நாம் இன்னும் நன்றாகச் செய்கிறோம். பழகாத வேலையை இன்னும் மோசமாகச் செய்கிறோம். வயதுவந்த ஸ்கேட்டர் ஒவ்வொருவரும் இதை எழுதி ஷூப் பைக்குள் வைத்துக்கொள்ளலாம். தளத்தில் நான் பார்க்கிற பெரும்பாலான விழுதல்களுக்குக் காரணம் துணிச்சல் இல்லாமை அல்ல. அடுத்தவர் அந்தத் தாவலைச் செய்கிறார் என்பதற்காக, சென்ற மாதம்தான் கைகூடிய ஒன்றைப் போட்டிக்குக் கொண்டுவருவதே காரணம். பக்கவாட்டில் பார்த்த கண் எடுத்த முடிவை முன்னே ஓடும் மனம் நிறைவேற்றப் பார்க்கிறது. கால் அங்கே தனியாக மாட்டிக்கொள்கிறது. போட்டிக்கு எடுத்துப்போக வேண்டியது நம்மிடம் ஏற்கெனவே இருப்பதை. புதியதைப் பயிற்சித் தளத்திலேயே விட்டுவர ஒரு முதிர்ச்சி வேண்டும். பெரியவர்களிடம் அது இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம்தானே?

இன்னொரு ஆய்வும் உண்டு. 2014இல் அலிசன் வுட் புரூக்ஸ் வெளியிட்டது. பாடவோ மேடையில் பேசவோ கணக்குப் போடவோ போகிறவர்களில், தம் படபடப்பை அடக்க முயன்றவர்களைவிட அதை உற்சாகம் என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகச் செய்தார்கள். வேகமாக அடிக்கிற இதயத்தை மெதுவாக்குவது கடினம். அந்த வேகத்துக்கு வேறு பெயர் சூட்டுவது எளிது. எங்கள் தளத்தில் நான் பார்த்ததும் இதற்கு ஒத்துத்தான் இருக்கிறது. “பதறாதே” என்று சொல்லி யாரும் பதறாமல் இருந்ததில்லை.

ஆனால் பெயர் மாற்றுவது மட்டும் போதாது. உடலை நடுக்கத்திலிருந்து ஆட்டத்துக்குக் கொண்டுசேர்க்க ஒரு வழி வேண்டும். அந்த வழியைக் கதகளிக்காரர்கள் நூற்றாண்டுகளாக வைத்திருக்கிறார்கள். ஃபோர்ட் கொச்சியில் மாலைக் கதகளிக்குச் சீக்கிரமே போனால் ஒப்பனையைப் பார்க்கலாம். நடிகர் தரையில் மல்லாந்து படுத்திருப்பார். சுட்டிக்காரர் தாடையோரம் சுட்டி என்னும் ஒப்பனை விளிம்பை ஒட்டிக்கொண்டே போவார். நடிகரால் அசைய முடியாது, பேச முடியாது. மூச்சுவிடலாம், அவ்வளவுதான். அப்புறம் உடுத்து, கிரீடம், ஒவ்வொன்றாக, எப்போதும் அதே வரிசையில். சில வேஷங்களுக்கு மேடையிலும் உடனே முழுதாகத் தோன்ற வேண்டியதில்லை. இருவர் பிடித்த திரைக்குப் பின்னால் நின்று, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்த்தி, அரங்கைத் தான் பார்த்து, அரங்கு தன்னைப் பார்க்கவிட்டு, பிறகுதான் வெளிப்படுவார். திரைநோட்டம் என்னும் இந்த வழக்கம் அழகுக்காக மட்டும் வைத்தது என்று எனக்குத் தோன்றவில்லை. பார்க்கப்படுவதற்குள் ஒரு மனிதன் அடியடியாக நுழைய அது இடம் கொடுக்கிறது.

ஸ்கேட்டருக்குத் திரை கிடையாது. பெயர் கூப்பிட்டால் அரை நிமிடத்துக்குள் தளத்தின் நடுவே போய் நின்றாக வேண்டும். ஆகையால் திரையை நாமே முன்கூட்டி நெய்துகொள்ள வேண்டியிருக்கிறது. முதலில் இடது ஷூ, பிறகு வலது. கயிற்றை அதே இறுக்கத்தில் கட்டுவது. சுவரோரம் நின்று கண்ணை மூடி இசையை முழுதாக ஒருமுறை மனத்தில் ஓட்டுவது. தளத்தில் இறங்கியதும் எங்கே நின்றாலும் மூன்று நீண்ட மூச்சு, கடைசி மூச்சில் முழங்காலை மடக்குவது. இவற்றில் எதற்கும் மந்திரசக்தி இல்லை. அடுத்து செய்ய வேண்டியது எப்போதும் கையருகே இருந்தால் மனத்துக்கு முடிவை நோக்கி ஓட நேரம் கிடைக்காது. அதுதான் பயன்.

*

இனி எதிராளி. 1958இல் வந்த வஞ்சிக்கோட்டை வாலிபன் படத்தில் பத்மினியும் வைஜயந்திமாலாவும் ஆடும் போட்டி நடனத்தைப் பார்க்காத தமிழர் குறைவு. ஒருவர் அடியெடுத்து வைத்தால் மற்றவர் அதற்குப் பதில் வைக்கிறார். கண்ணுக்குக் கண், காலுக்குக் கால். போட்டி என்றால் நம் மனத்தில் எழும் படம் அது. ஃபிகர் ஸ்கேட்டிங்கில் அப்படி எதுவும் நடப்பதில்லை. எதிராளியின் அடிக்குப் பதில் சொல்ல முடியாது, அவரைத் தடுக்க முடியாது, முந்தவும் முடியாது. அவர் ஆடும்போது நாம் சுவருக்கு இந்தப் பக்கம். நாம் ஆடும்போது அவர் ஷூவைக் கழற்றிக்கொண்டிருப்பார். இருவரும் ஒன்றாகத் தளத்தில் இருப்பது வார்ம்அப்புக்குக் கொடுக்கும் சில நிமிடங்கள்தான். ஒரே தளத்தில் ஐந்தாறு பேர், ஒவ்வொருவரும் தத்தம் தாவலை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டு. போட்டிக்கு வந்தவர்கள் தோற்பது பெரும்பாலும் அந்த நிமிடங்களில்தான். கண் அங்கேதான் பக்கவாட்டில் போகிறது.

அடுத்தவரை ஒன்றும் செய்ய முடியாத விளையாட்டில், அடுத்தவரை ஏதாவது செய்துவிட வேண்டும் என்ற வெறி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கும் சரித்திரம் இருக்கிறது. 1994 ஜனவரி 6 அன்று டெட்ராய்ட்டில் பயிற்சி முடித்து வெளியே வந்த நான்சி கெரிகனின் முழங்காலருகே ஒருவன் தடியால் அடித்தான். எதிராளி டோன்யா ஹார்டிங்கின் முன்னாள் கணவரும் அவர் கூட்டாளிகளும் திட்டமிட்ட தாக்குதல் அது. விசாரணைக்குத் தடையாக இருந்ததை ஹார்டிங் பின்னர் ஒப்புக்கொண்டார். அமெரிக்க ஸ்கேட்டிங் அவரை வாழ்நாள் முழுக்க விலக்கியது. அதற்கெல்லாம் முன்பே, தாக்குதல் நடந்த ஏழே வாரங்களில், லில்லிஹாமர் ஒலிம்பிக்கில் கெரிகன் வெள்ளி வென்றார், ஹார்டிங் எட்டாவது. தங்கமோ இவர்கள் இருவரும் அல்லாத உக்ரைனின் ஒக்ஸானா பையுலுக்கு. பக்கவாட்டிலேயே பார்த்த பார்வைக்குக் கிடைத்த விடை அது.

இதற்கு நேர் எதிரான கதை ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். 1988 கால்கரி ஒலிம்பிக்கில் ஆண்கள் பிரிவில் இரண்டு பிரையன்கள் மோதினார்கள்: அமெரிக்காவின் பிரையன் பொய்டானோ, கனடாவின் பிரையன் ஆர்சர். ஆர்சர் நடப்பு உலக சாம்பியன். சொந்த நாட்டில் ஒலிம்பிக். தொடக்க விழாவில் கனடாவின் கொடியைத் தூக்கி வந்தவரும் அவர்தான். ஒன்பது நடுவர்களில் ஐந்து பேர் பொய்டானோ பக்கம், நான்கு பேர் ஆர்சர் பக்கம். 0.1 புள்ளி வித்தியாசத்தில் ஆர்சர் தோற்றார். நான்கு வருடங்களுக்கு முன் சரயேவோவிலும் அவருக்கு வெள்ளிதான்.

அந்த மனிதர் பிறகு பயிற்சியாளரானார். டொராண்டோவில் அவரிடம் பயின்ற கிம் யூனா 2010இல் ஒலிம்பிக் தங்கம் வென்றார். அதற்குப் பின் ஆர்சர் செய்த காரியம்தான் முக்கியம். ஸ்பெயினின் ஹாவியர் ஃபெர்னாண்டஸ், ஜப்பானின் யுசுரு ஹன்யூ இருவரையும் ஒரே தளத்தில் சேர்த்துப் பயிற்றுவித்தார். உலகத்தின் முதல் இடத்துக்கு மோதிய இருவர், தினமும் ஒருவர் தாவலை இன்னொருவர் பார்த்துக்கொண்டு. 2014இல் ஹன்யூ ஒலிம்பிக் தங்கம் வென்றார். 2015, 2016 உலகப் போட்டிகளில் ஃபெர்னாண்டஸ் அவரை இரண்டாம் இடத்துக்குத் தள்ளினார். 2018 பியோங்சாங்கில் ஹன்யூ மீண்டும் தங்கம், ஃபெர்னாண்டஸ் வெண்கலம். 0.1 புள்ளியில் தங்கத்தை இழந்தவருக்கு எதிராளியின் மதிப்பு தெரிந்திருந்தது. எதிராளியை எங்கே வைக்க வேண்டும் என்பதும் தெரிந்திருந்தது: பயிற்சித் தளத்தில், அருகிலேயே, தினமும்.

1898இல் நார்மன் டிரிப்லெட் சைக்கிள் பந்தயப் பதிவுகளைப் புரட்டி, தனியாக ஓட்டுவதைவிடப் பக்கத்தில் ஒருவர் ஓட்டும்போது வேகம் கூடுகிறது என்று காட்டினார். விளையாட்டு உளவியலின் முதல் ஆய்வாக அதைச் சொல்வார்கள். ஆனால் எதிராளி தருவது வேகம் மட்டுமல்ல. எங்கள் தளத்தில் நான் போட்டியாக நினைக்கிற பெண் என்னைவிட இளையவர். பள்ளுருத்தியிலிருந்து வருகிறார். அவருடைய சுழற்சி என்னுடையதைவிடச் சிறந்தது. என் வட்டங்கள் அவருடையவற்றைவிடச் சுத்தம். ஒருநாள் பயிற்சி முடிந்து தண்ணீர் குடிக்கும்போது, “சேச்சி, திரும்புறதுக்கு முன்னாடியே உங்க தோள் உள்ளே விழுந்துடுது, அதான் வட்டம் அங்கே மட்டும் சப்பையாகுது” என்றார். பயிற்சியாளரும் வீட்டாரும் நண்பர்களும் கவனிக்காத ஒன்று அது. நம்மீது அன்பு உள்ளவர்கள் நம்மைத்தான் பார்ப்பார்கள். ஆட்டத்தைப் பார்க்க மாட்டார்கள். நம் ஆட்டத்தை அங்குலம் அங்குலமாகப் பார்ப்பவர் எதிராளி ஒருவர்தான். ஏனென்றால் அவருக்கு அது தேவை. அவ்வளவு கூர்மையான கவனத்தை வேறு யாரிடமிருந்து பெற முடியும்?

ஆகவே எதிராளியை மறந்துவிடு, உன்னோடு மட்டும் போட்டியிடு என்று சொல்லும் அறிவுரை எனக்கு ஏற்பில்லை. கேட்க உயர்வாக இருக்கிறது, உண்மையாக இல்லை. தன்னோடு மட்டும் போட்டியிடுகிறவர் தன் பழைய குறைகளோடு சமாதானமாகிவிடுவார். பயிற்சி நாட்களில் எதிராளியை நன்றாகப் பார்க்க வேண்டும். அவர் எங்கே நம்மைவிட மேல் என்று ஒளிக்காமல் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள வேண்டும். முடிந்தால் அவரிடமே சொல்ல வேண்டும். போட்டி நாளில் தளத்தில் இறங்கும்போது அவரைச் சுவருக்கு அந்தப் பக்கம் விட்டுவிட வேண்டும். அங்கே தரையும் இசையும் முழங்காலும் போதும். இருவரும் தத்தம் ஆட்டத்தை முடித்த பிறகு மறுபடியும் அவரிடம் போகலாம்.

இந்த விஷயத்தில் தொடர் பந்தயங்கள் நல்ல ஆசான். ஹாங்சோவில் அதே நாள் பெண்கள் 3000 மீட்டர் தொடரிலும் இந்தியாவுக்கு வெண்கலம் கிடைத்தது. சஞ்சனா பதுலா, கார்த்திகா ஜெகதீஸ்வரன், ஹீரல் சாது, ஆரத்தி கஸ்தூரி ராஜ் என்ற நால்வர். தேசிய அளவில் தனித்தனியாக மோதுகிறவர்கள், அங்கே ஒருவரை ஒருவர் முதுகில் தள்ளி முன்னே அனுப்பினார்கள். ஒருவர் வேகத்தை மற்றவர் அளந்து வைத்திருந்தால்தான் அந்தத் தள்ளல் பிசகாமல் விழும்.

*

நடுக்கத்தையும் போட்டியையும் ஒருசேரச் சுமந்து, அவற்றை நடுவயதில் திரும்பிவந்து சந்தித்தவர் என்றால் எனக்கு மிடோரி இட்டோதான் நினைவுக்கு வருகிறார். ட்ரிபிள் ஆக்சல் என்ற தாவலை 1988இல் போட்டியில் செய்துகாட்டிய முதல் பெண். 1989இல் உலக சாம்பியன். 1992 ஆல்பர்ட்வில் ஒலிம்பிக்குக்கு அவர் போனபோது ஜப்பான் முழுவதும் தங்கத்தை எதிர்பார்த்தது. முதல் சுற்றில், பயிற்சியில் தடுமாறிக்கொண்டிருந்த அந்தத் தாவலை விட்டு எளிதானதை எடுத்தார்; அதில் விழுந்தார். நாட்டு மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். இறுதிச் சுற்றில் ட்ரிபிள் ஆக்சலை முயன்று மறுபடியும் விழுந்தார். ஆட்டம் முடிய ஒரு நிமிடம் போல இருக்கும்போது, கால் களைத்த நிலையில், அதே தாவலை இன்னொருமுறை முயன்று சுத்தமாக இறங்கினார். ஒலிம்பிக்கில் ஒரு பெண் அதைச் செய்தது அதுவே முதல்முறை. வெள்ளிப் பதக்கம் கிடைத்தது.

2011இல் தம் 41ஆம் வயதில் அவர் ஜெர்மனியின் ஓபர்ஸ்டோர்ஃப் ஊருக்கு வந்தார். ஆல்ப்ஸ் மலையடிவாரத்து அந்த ஊரில் சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் 2005 முதல் பெரியவர்களுக்கான போட்டியை நடத்துகிறது. இருபத்தெட்டு வயதில் தொடங்கும் பிரிவுகள். எழுபதைத் தாண்டியவர்களும் இறங்குவார்கள். அந்தத் தளத்தில் உலக சாம்பியனாக இருந்தவர் மற்றவர்களோடு வரிசையில் நின்று, தம் பெயர் கூப்பிடும்வரை காத்திருந்து ஆடினார். முதலிடம் அவருக்குக் கிடைக்கவில்லை. அதன் பிறகும் அதே ஊருக்கு அவர் திரும்பிவந்தார். மன்னிப்புக் கேட்க வேண்டிய நாடு எதுவும் அவர் தோளில் இல்லாதபோதும் போட்டியே வேண்டாம் என்று அவர் முடிவு செய்யவில்லை. தனியாக, யாரும் பார்க்காமல் ஆடியிருக்கலாம். பார்க்கப்படுவதைத் தேர்ந்தெடுத்தார்.

அமெரிக்காவில் பிறந்த டியானா ஸ்டெல்லாட்டோ-டூடெக் 2000இல் இளையோர் உலகப் போட்டியில் வெள்ளி வென்றவர். இடுப்புக் காயங்களால் பதின்வயதிலேயே விலகி, அழகுக்கலை நிபுணராக வேலை பார்த்து, பதினாறு வருடங்கள் கழித்துத் திரும்பினார். 2024 மார்ச்சில் மாண்ட்ரியலில் மாக்ஸிம் டெஷாம்ப்புடன் கனடாவுக்காக ஜோடிப் பிரிவில் உலகப் பட்டம் வென்றபோது அவருக்கு வயது நாற்பது. எல்லோருக்கும் இது நடக்காது. நடக்க வேண்டியதும் இல்லை. வயது கூடிய பிறகு போட்டியிடுவதன் பயன் பதக்கத்தில் இல்லை என்பதை ஓபர்ஸ்டோர்ஃப்பில் எழுபது வயதில் இறங்குகிறவர்கள் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள்.

பயன் வேறெங்கோ இருக்கிறது. நடுவயதில் நம் வாழ்க்கை, தேறிய காரியங்களை மட்டும் திரும்பத் திரும்பச் செய்வதாகச் சுருங்குகிறது. தெரிந்த வேலை, தெரிந்த பேச்சு, தெரிந்த பாராட்டு. அந்த வட்டத்துக்குள் யாரும் நம்மை அளப்பதில்லை. போட்டித் தளம் அளக்கிறது. அளக்கப்படும்போது கை நடுங்குகிறது. அந்த நடுக்கத்தோடு ஒரு வட்டத்தைச் சுற்றி முடித்தவருக்கு, மருத்துவ அறிக்கை வாங்கக் காத்திருக்கும் வராந்தாவிலும், வேலையில் தன்னைவிட இளையவர் மேலே போகும் நாளிலும், அந்த நடுக்கம் புதியதாக இருப்பதில்லை. என்ன செய்ய வேண்டும் என்று முழங்காலுக்குத் தெரிந்திருக்கும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் ஸ்கேட்டிங் தளங்களை நடத்தும் சங்கங்களும் மாநகராட்சிகளும், குழந்தைகள் போன பிறகு விளக்கை அணைக்காமல் ஒரு மணி நேரம் பெரியவர்களுக்குக் கொடுங்கள். மாவட்டப் போட்டிகளில் முப்பதைக் கடந்தவர்களுக்கு வயதுவாரியாகப் பிரிவு வையுங்கள். மூன்று பேர் வந்தாலும் நடத்துங்கள். நடுவர்கள் குழந்தைகளுக்குப் போடும் அதே கண்டிப்போடு மதிப்பெண் போடட்டும், சலுகை வேண்டாம். இதைப் படிக்கிறவர் முப்பதையோ நாற்பதையோ தாண்டியவராக இருந்தால் உங்களுக்கும் ஒரு சொல்: எந்தக் கலையாக இருந்தாலும், எந்த விளையாட்டாக இருந்தாலும், வருடத்துக்கு ஒருமுறையாவது போட்டியில் பெயர் கொடுங்கள். உங்களைவிடச் சற்றுச் சிறந்த ஒருவரைத் தேடிப் பிடித்து அவரோடு ஒரே தளத்தில் பழகுங்கள். கை நடுங்கும். நடுங்கட்டும், இறங்குங்கள்.